பிந்துவை ஹெலிகாப்டரில் ஏற்றிய நாள்

போன வாரம் மோப்ப நாய்ப் பிரிவிலிருந்து ஓர் இளம் காவலர் போன் செய்தார். முதல் தடவையாக நாயோடு விமானத்தில் போகப்போகிறாராம். யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். "சார், மேல போனதும் நாய்க்கு ஏதாவது ஆயிடுமா?" என்று கேட்டார்.

"நாய்க்கு ஒண்ணும் ஆவாது. உனக்கு ஏதாவது ஆச்சுன்னாதான் அதுக்கும் ஆவும்" என்றேன். அவர் சிரித்தார். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. போனை வைத்த பிறகு பார்த்தால் என் உள்ளங்கையே நனைந்திருந்தது. ஓய்வு பெற்று இத்தனை காலம் ஆகியும் நாயையும் விமானத்தையும் சேர்த்து நினைத்தால் எனக்கு அப்படித்தான் ஆகிறது.

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. சொந்த ஊர் கண்ணமங்கலம். போலீஸில் சேர்ந்த புதிதில், நாய்க்குப் பயப்படாதவர்கள் கை தூக்குங்கள் என்று வரிசையில் நிற்க வைத்துக் கேட்டார்கள். பக்கத்தில் நின்றவன் விளையாட்டாக என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டான். அவன் பிற்பாடு போக்குவரத்துப் பிரிவுக்குப் போய் வெயிலில் காய்ந்தான். நான் நாய்களோடு பென்ஷன் வரைக்கும் வந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. பந்தை ஒளிப்போம், நாய் எடுத்து வரும். பிறகு ஆளை ஒளிப்போம், நாய் தேடிப் பிடிக்கும். அதற்குள் எங்களுக்கு முழங்கால் தேயும்.

எங்கள் பிரிவுக்கு இன்ஸ்பெக்டராக இருந்தவர் சாமுவேல் ஐயா. ஆற்காட்டுப் பக்கத்துக்காரர். அவசரம் கூடக் கூட அவருடைய நடை மெதுவாகிவிடும். எல்லோரும் ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் அவர் மட்டும் கல்யாண வீட்டுக்கு வந்தவர் போல நிதானமாக நடப்பார். எந்த வேலைக்குக் கிளம்பும் முன்பும் நாயின் வாரைப் பிடிக்கிறவனைக் கூப்பிட்டு, "கையக் காட்டு" என்பார். உள்ளங்கையைத் தன் விரலால் ஒரு தடவை தொட்டுப் பார்ப்பார். ஈரமாக இருந்தால் நாயைக் கொடுக்க மாட்டார். "உன் பயம் வார் வழியா எறங்கிப் போய் நாய்க் கழுத்துல உக்காந்துக்கும். போய் மொகம் கழுவிட்டு வா" என்பார். நான் எத்தனை தடவை முகம் கழுவியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. சோப்புதான் கரைந்தது.

விமானத்தில் நாயை ஏற்றியதில் எங்களுக்கு முதல் அனுபவம் ராஜா என்கிற அல்சேஷன். எழுபதுகளின் நடுவில், டெல்லியில் நடந்த ஒரு போட்டிக்குக் கொண்டுபோனோம். மரக்கூண்டில் அடைத்துச் சாமான் வைக்கிற அடிப்பாகத்தில் ஏற்றச் சொன்னார்கள். நான் மேலே பயணிகளோடு உட்கார்ந்திருந்தேன். விமானப் பணிப்பெண் கொடுத்த மிட்டாயைக்கூட வாயில் போடத் தோன்றவில்லை. காலுக்குக் கீழே எங்கேயோ அது இருக்கிறது, குரைத்தாலும் எனக்குக் கேட்காது என்ற நினைப்பே என்னைத் தின்றுவிட்டது. இறங்கிப் போய்க் கூண்டைத் திறந்தால் ராஜா வெளியே வரவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டேன். என்னை யாரென்றே தெரியாத மாதிரி பார்த்தது. மறுநாள் போட்டியில் துணியை மோந்துவிட்டு அங்கேயே படுத்துக்கொண்டது. சாமுவேல் ஐயா யாரையும் திட்டவில்லை. "சாமான் மாதிரி அனுப்பினோம், சாமான் மாதிரி வந்து சேந்திருக்கு" என்றார்.

திரும்பி வந்ததும் அவர் ஒரு புதுப் பாடம் ஆரம்பித்தார். மாவு மில்லில் எஞ்சின் ஓடும்போது அதன் பக்கத்தில் நாயைப் படுக்க வைக்க வேண்டும். காலி லாரியின் பின்பக்கத்தில் ஏற்றிக் கல் ரோட்டில் ஓட்ட வேண்டும். வார் பிடிக்கிறவனும் கூடவே படுத்திருக்க வேண்டும். மில்காரர் மாவு படிந்த என்னைப் பார்த்துச் சிரிப்பார். இந்தப் பாடத்தை முழுசாகக் கற்றுக்கொண்டது பிந்து. கறுப்பு டாபர்மேன், பெட்டை, குட்டியிலிருந்து என் கையில் வளர்ந்தது. மில்லில் படுத்த இடத்திலேயே அது தூங்கிவிடும். எனக்குத்தான் அங்கே தூக்கம் வராது.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஐப்பசி மழையில் ஜவ்வாது மலைக்கு ஏறுகிற பாதைகள் எல்லாம் அறுந்துபோயின. ஆலங்காயம் பக்கத்துப் பாதையில் மண் சரிவு. போளூர் பக்கத்தில் பாலமே இல்லை. மலை மேலிருந்து வனத்துறை வயர்லெஸ்ஸில் செய்தி வந்தது. கோம்பையூர் என்ற சின்ன ஊரில் சடைச்சி என்கிற எட்டு வயசுப் பெண் குழந்தை, மழைக்கு வீடு திரும்பாத ஆட்டைத் தேடிப் போனவள், வரவில்லை. ஊர்க்காரர்கள் மேளம் தட்டிக்கொண்டு தேடியிருக்கிறார்கள். ஒரு ராத்திரி போய்விட்டது. அடுத்த ராத்திரியும் வந்துகொண்டிருந்தது. மறுநாள் காலையில் அரிசியும் மருந்தும் ஏற்றிக்கொண்டு மலைக்கு ஒரு ஹெலிகாப்டர் போவதாக இருந்தது. அதில் நாயையும் கொண்டுபோக முடியுமா என்று மேலிடத்திலிருந்து கேட்டார்கள். சாமுவேல் ஐயா முடியும் என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்.

எனக்கு அன்று இரவு தூக்கம் பிடிக்கவில்லை. குழந்தையை நினைத்தேனா, ராஜாவை நினைத்தேனா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மூடின கண்ணுக்குள் இரண்டும் மாறி மாறி வந்தன.

ஏற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை என்று எங்களுக்கு ஒரு முறை இருந்தது. முந்தின மாலையோடு சாப்பாடு நிறுத்த வேண்டும். காலையில் நாக்கு நனையும் அளவுக்குத்தான் தண்ணீர். காதில் பஞ்சு வைத்து, அது தலையை உதறித் தள்ளிவிடாமல் ஒரு துணிப் பட்டையைச் சுற்றிக் கட்ட வேண்டும். தகரத் தரையில் நகம் வழுக்கினால் நாய் மிரண்டுவிடும். அதனால் அது தினமும் படுக்கிற சாக்கையே கொண்டுபோய் விரிக்க வேண்டும். வாரை எதிலும் கட்டக் கூடாது. துள்ளினால் கழுத்து இறுகிச் செத்துப்போகும். கட்டுவதென்றால் என் மணிக்கட்டில்தான் கட்ட வேண்டும். வேலைக்கான மார்ப்பட்டையை இறங்கும் வரை கண்ணில்கூடக் காட்டக் கூடாது. அதைப் பார்த்தால் வேலை ஆரம்பித்துவிட்டது என்று எழுந்து நிற்கும்.

எல்லாம் செய்து மீனம்பாக்கத்தில் போய் நின்றால், விமானி நாயைப் பார்த்ததும் கையை ஆட்டிவிட்டார். வடக்கத்திக்காரர், சின்ன வயசு. கெட்டவர் இல்லை. முன்பு எப்போதோ வெள்ளத்தில் சிக்கிய ஆடு ஒன்றை ஏற்றப்போய், அது மிரண்டு உள்ளே அமர்க்களம் செய்து, எல்லோரும் தப்பியதே பெரும்பாடு என்றார். நாய்க்கு மயக்க ஊசி போட்டால்தான் ஏற்றுவேன் என்று பிடிவாதமாக நின்றார். எங்களோடு வந்த கால்நடை மருத்துவர் பெட்டியைத் திறந்து ஊசியை எடுத்தும் விட்டார்.

ஊசி போட்டால் அன்று முழுக்க நாய்க்கு மூக்கு வேலை செய்யாது. போடாவிட்டால் ஏற்ற மாட்டார்கள். சாமுவேல் ஐயா அந்த இளைஞரின் தோளில் கை வைத்து, இங்கிலீஷில் மெதுவாகப் பேசினார். மயக்கினால் நீங்கள் ஒரு நாயைக் கொண்டுபோவீர்கள், மூக்கைக் கொண்டுபோக மாட்டீர்கள், மலை மேல் இருக்கிறவர்களுக்கு வேண்டியது மூக்கு என்றார். வழியில் நாய் எழுந்து நின்றாலே போதும், எந்த வயலாக இருந்தாலும் அங்கேயே எங்களை இறக்கிவிட்டுப் போய்விடுங்கள் என்றும் சொன்னார். விமானி கொஞ்ச நேரம் பிந்துவைப் பார்த்தார். பிறகு சரி என்று தலையை ஆட்டினார்.

ஐயா என்னிடம் வந்தார். "கையக் காட்டு."

காட்டினேன். நனைந்திருந்தது. அவர் தொட்டுப் பார்த்தார், தன் கைக்குட்டையால் என் உள்ளங்கையைத் துடைத்துவிட்டு, "ஏறு" என்றார். விதியை அவர் மீறியதை நான் அன்று ஒரு நாள்தான் பார்த்தேன். வேறு ஆள் இல்லையே.

உள்ளே அரிசி மூட்டைகளுக்கு நடுவில் சாக்கை விரித்துப் பிந்துவைப் படுக்க வைத்தேன். வாய்ப்பூட்டு மாட்டினேன். நானும் பக்கத்தில் படுத்து ஒரு கையை அதன் நெஞ்சில் வைத்துக்கொண்டேன். எஞ்சின் சத்தம் எழுந்தபோது மாவு மில்லெல்லாம் ஒன்றுமே இல்லை என்று தெரிந்தது. தரை நடுங்கியது, என் பல் நடுங்கியது. எண்ணெய் நெடி மூக்கில் ஏறியது. எனக்கே இப்படி இருந்தால் அதன் மூக்குக்கு எப்படி இருக்கும் என்று நினைத்ததும் எனக்கு மூச்சு முட்டியது. உடனே என் கைக்கடியில் அதன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பின்னங்காலை ஊன்றி எழப் பார்த்தது. விமானி திரும்பிப் பார்த்தார். நான் தோளை அழுத்தி, "டவுன், பிந்து, டவுன்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அது என் வாயைப் பார்த்தது, என் கண்ணைப் பார்த்தது. முகத்தைச் சும்மா வைத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் கற்றேன்.

எதிரே மூட்டை மேல் உட்கார்ந்திருந்த சாமுவேல் ஐயா நாயைப் பார்க்கவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்து என் காதில் கத்தினார்.

"ஏகாம்பரம், நேத்து உன் வூட்ல இன்னா கொழம்பு?"

"இன்னாங்க ஐயா?"

"கொழம்பு! இன்னா கொழம்பு?"

"கருவாட்டுக் கொழம்புங்க!"

"கத்திரிக்கா போட்டாளா?"

"போட்டா ஐயா!"

"மாங்கா?"

"மாங்கா ஏதுங்க இப்ப?"

இப்படியே என் மனைவியின் சமையலை வானத்தில் வைத்து விசாரித்தார். பதில் சொல்லிச் சொல்லி எனக்கு மூச்சு சீரானது. பிந்துவின் பின்னங்கால் மெல்லத் தளர்ந்தது. தலையை என் முழங்கை மேல் வைத்தது. தூங்கவில்லை. ஆனால் எழவும் இல்லை. ஜமுனாமரத்தூர் பள்ளி மைதானத்தில் இறங்கும் வரை அப்படியே கிடந்தது.

இறங்கியதும் விமானி, மத்தியானத்துக்குள் மேகம் மூடிவிடும், அதற்குமேல் நிற்க முடியாது, வந்தால் கூட்டிப்போவேன், வராவிட்டால் போய்விடுவேன் என்று சொன்னார். அதில் தப்பில்லை. பிந்துவை மைதானத்தின் ஓரம் கொண்டுபோய்க் காதுப் பஞ்சை எடுத்தேன். பேர் சொல்லிக் கூப்பிட்டேன். காது அசையவில்லை. மறுபடி கூப்பிட்டேன். புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றது. ராஜாவின் பார்வை ஞாபகம் வந்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்றாவது தடவை கூப்பிடப் பயந்துகொண்டு நின்றேன். அப்போது அதுவாகவே உடம்பை உதறி, என் பூட்ஸை மோந்து, அதன் மேல் கொஞ்சம் வாந்தி எடுத்தது. அன்றைக்கு அதைவிட நல்ல சகுனம் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

குழந்தையின் அப்பா வெள்ளையன் எங்களைக் கூட்டிப்போக வந்திருந்தார். மெலிந்த ஆள், தலையில் கோணிப்பை. இரண்டு நாளாக அவர் உட்காரவே இல்லை என்று கூட வந்த வனக்காவலர் சொன்னார். சாமை வயல் வரப்பில் முன்னால் வேகமாக நடப்பார், நாங்கள் பின்தங்கினால் நின்று திரும்பிப் பார்ப்பார். பேச்செல்லாம் நாயைப் பற்றித்தான்.

"வானத்துல வந்த நாய்ங்களே, அதுக்குப் பசிக்குங்களா? கோழி அடிச்சி வெச்சிருக்கோம்ங்க."

"இப்ப எதுவும் குடுக்கக் கூடாதுங்க. வேலை முடிஞ்சப்புறம்" என்றேன்.

அவர் முகம் வாடியது. "அப்ப சரிங்க. புள்ளயோட துணி கேப்பாங்கன்னு இவரு சொன்னாரு. அதான் எல்லாம் சுத்தமா எடுத்து வெச்சிருக்கோம்ங்க" என்று வனக்காவலரைக் காட்டினார்.

சுத்தமாக என்ற சொல் என் காதில் விழுந்தது. மழையில் வழுக்காமல் நடக்கிற கவலையில் நான் அதைச் சரியாக வாங்கிக்கொள்ளவில்லை.

கோம்பையூர் போய்ச் சேர்ந்ததும் அப்படியே நின்றுவிட்டேன். ஊர் வாசல் முழுக்கப் பச்சைச் சாணியால் மெழுகியிருந்தது. வீட்டுக்குப் போகும் பாதையைப் பெருக்கித் தள்ளியிருந்தார்கள். அந்த மழையிலும் கோலம் போட்டிருந்தார்கள். வீட்டுக்குள்ளே தரை, பாய், சீப்பு, எல்லாம் கழுவித் துடைத்து வைத்திருந்தது. பெரிய இடத்து விருந்தாளி வருகிறபோது அந்த ஊரில் அப்படித்தான் செய்வார்கள். வெள்ளையன் ஒரு மூங்கில் தட்டில் சிவப்புப் பாவாடை ஒன்றை மடித்து வைத்துக் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"உவர்மண்ணு போட்டு நானே தொவச்சங்க. வெயிலு இல்லீங்களா, அடுப்பு மேல காய வெச்சேன். அழுக்குத் துணிய எப்பிடிங்க நீட்டறது?"

குழந்தையின் வாசனை அந்த ஊரிலேயே இல்லை. அப்பனே தேய்த்துக் கழுவி, புகை போட்டு, ஓட்டிவிட்டிருந்தார். எனக்கு வந்த கோபத்தில் அந்த மனுஷனின் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன். வாயையும் திறந்துவிட்டேன். "யோவ், இன்னா காரியம்..." என்று ஆரம்பித்தபோது சாமுவேல் ஐயாவின் கை என் முதுகில் பட்டது. அழுத்தவில்லை, பட்டது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவர் முன்னால் போய், தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பாவாடையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"ரொம்ப நல்லா தொவச்சிருக்கீங்க" என்றார்.

பிறகு நிதானமாகப் பிந்துவின் முன் குனிந்து அதை மோப்பம் காட்டினார். அது முகர்ந்துவிட்டுப் புகை நெடியில் தும்மியது. வெள்ளையன் நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் துணி உதவாது என்று அவருக்குத் தெரிந்தால், தன் கையாலேயே மகளைத் தொலைத்துவிட்டோம் என்று அந்த இடத்திலேயே விழுந்துவிடுவார். ஐயா அதைப் பார்த்திருக்கிறார், நான் பார்க்கவில்லை. "இது ஒண்ணு ஆச்சு. நாய்க்கு ரெண்டு சாமான் காட்டணும், அதான் முறை" என்று பொய் சொல்லிவிட்டு, வெள்ளையனைப் போய்க் கயிறும் கம்பளியும் எடுத்து வரச் சொன்னார். அவர் போனதும் கதவோரம் நின்ற அம்மாவைப் பார்த்தார்.

"ஏம்மா, தொவைக்காதது, கழுவாதது, உம் பொண்ணு ஒடம்புல பட்டது எதுனா இருக்குதா? யோசிச்சிச் சொல்லு. நேரம் இருக்குது."

நேரம் இல்லை. மேகம் மரத்து உச்சியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்தம்மா யோசித்துவிட்டு இல்லை என்றாள். எல்லாம் கழுவியாகிவிட்டது. ஐயா அவசரப்படுத்தவில்லை. அந்தக் கோலத்தைப் பார்த்தபடி நின்றார். பிறகு அவள் தயங்கித் தயங்கி, தலையைக் குனிந்துகொண்டே, "முடி இருக்குதுங்க" என்றாள்.

தலை வாரும்போது உதிர்கிற முடியைச் சுருட்டிக் கூரை விளிம்பில் செருகி வைப்பது நம் பக்கத்துப் பெண்களின் வழக்கம். முடி வாங்கிக்கொண்டு ஊசி, பாசிமணி கொடுக்க ஆள் வருவான். கூரையிலிருந்து அவள் ஒரு சுருளை உருவி எடுத்தாள். "முடியப் போயி எப்பிடிங்க குடுக்கறதுன்னு பாத்தேன். இதுல என்னுதும் கலந்திருக்குமே" என்றாள்.

அதுதான் அடுத்த பயம். கலந்திருந்தால் நாய் அம்மாவைத்தான் காட்டும். மார்ப்பட்டையை எடுத்துப் பிந்துவுக்கு மாட்டினேன். அதன் உடம்பே மாறிவிட்டது. வயிறு ஒட்டி, காது நிமிர்ந்து நின்றது. முடிச் சுருளைக் காட்டினேன். மூக்கை உள்ளே விட்டு நன்றாக இழுத்தது. நேராக அந்தம்மாவிடம் போய், கையை, புடவைத் தலைப்பை முகர்ந்தது. நான் செத்தேன் என்று நினைத்தேன். அது நிமிர்ந்து அவளை ஒரு பார்வை பார்த்தது. இவள் இங்கேதான் இருக்கிறாள், மற்றவள் எங்கே என்று கேட்கிற மாதிரி திரும்பி வாசலை நோக்கி இழுத்தது. கலந்த வாசனையில் எதிரே இருக்கிறவரை விட்டுவிட்டு இல்லாதவரைத் தேடுவது பயிற்சியில் உண்டு. ஆனால் பயிற்சியில் கலந்துவைப்பது ஒட்டுறவில்லாத ஆட்களின் துணிகளைத்தான். ஒரே வீட்டு அம்மா பெண்ணை நாங்கள் கலந்து பார்த்ததே இல்லை.

சாணி மெழுகிய இடத்தில் ஒன்றும் கிடைக்காது என்று, ஊரைச் சுற்றி வெளி வட்டமாக நடத்தினேன். ஆட்டுப் பட்டிக்குப் பின்னால், உண்ணிப் புதர் அடியில் மழை படாத மண்ணில் அது நின்றது. மூக்கைத் தரையோடு வைத்து இழுத்தது. அதற்குப் பிறகு வார்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனது. பின்னால் வெள்ளையன், வனக்காவலர், கடைசியில் சாமுவேல் ஐயா, கல்யாண நடையில்.

பாதி மலை ஏறியிருப்போம். பள்ளத்தாக்கின் அந்தப் பக்கத்திலிருந்து ஹெலிகாப்டர் சத்தம் எழுந்தது. விமானி கிளம்பிவிட்டார். சத்தம் எங்கள் தலைக்கு மேலாக வந்து போனது. பிந்து நின்றது. என் காலோடு ஒட்டிக்கொண்டு, சொல்லாமலே படுத்துவிட்டது. சத்தம் முழுசாக அடங்கிய பிறகும் எழவில்லை. நான் மார்ப்பட்டையைத் தூக்கிப் பார்த்தேன், கெஞ்சினேன். வெள்ளையன் நாயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாங்க, முடியாதுங்களா?" என்றார். அந்தக் குரலில் இருந்ததை என்னால் எழுத முடியாது.

நான் சேற்றில் அதன் பக்கத்தில் படுத்தேன். கன்னத்தை அதன் விலாவோடு வைத்துக்கொண்டேன். குளிரில் அது நடுங்கிக்கொண்டிருந்தது, டாபர்மேனுக்கு ரோமம் ஏது? கம்பளியைப் போர்த்தினேன். என்ன பேசினேன் என்று ஞாபகமில்லை. குழம்பைப் பற்றித்தான் பேசியிருப்பேன். கொஞ்ச நேரத்தில் அது எழுந்து உதறிக்கொண்டது. முடிச் சுருளை மறுபடி காட்டினேன்.

தடம் ஓர் ஓடையில் போய் அறுந்தது. ஊர்க்காரர்கள் மேளத்தோடு வந்தபோது அதில் வெள்ளம் புரண்டிருக்கிறது. குழந்தை இதைத் தாண்டியிருக்க முடியாது என்று இக்கரையோடு திரும்பிவிட்டார்கள். வெள்ளத்துக்கு முன்பே அவள் தாண்டியிருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று சிலர் முணுமுணுத்ததை வெள்ளையன் அப்போதுதான் எங்களிடம் சொன்னார், தண்ணீரைப் பார்த்தபடி. இப்போது இடுப்பளவுக்கு வடிந்திருந்தது. நான் பிந்துவைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். அக்கரையில் மேலும் கீழுமாக நடத்தினேன். மண்ணில் ஒன்றுமில்லை. மறுபடி நடத்தினேன். ஒன்றுமில்லை. பனி இறங்கிப் பத்தடிக்கு அப்பால் மரம் தெரியவில்லை.

அப்போது பிந்து தலையைத் தூக்கியது. மூக்கைத் தரையிலிருந்து எடுத்துக் காற்றில் நீட்டியது. நான் வாரைத் தளர்த்தினேன். பாறைக் குவியல் ஒன்றை நோக்கி ஓடியது. ஆளைக் கண்டுபிடித்தால் குரைக்க வேண்டும், அதுதான் பழக்கியது. அது குரைக்கவில்லை. பாறை இடுக்கின் முன்னால் நின்று, தொண்டைக்குள்ளேயே முனகியது. வாலை ஆட்டவும் இல்லை.

அந்த முனகலை நான் முன்பு கேட்டிருக்கிறேன். எந்த மாதிரி இடங்களில் கேட்டேன் என்று சொல்ல வேண்டாம். திரும்பிச் சாமுவேல் ஐயாவைப் பார்த்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் வேகமாக வந்துகொண்டிருந்தார். வெள்ளையன் என்னைத் தாண்டிப் போகவில்லை. போக முடியவில்லை அவரால். கூப்பிட வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றார்.

"சடச்சீ..."

ஒன்றும் கேட்கவில்லை. இலையிலிருந்து தண்ணீர் சொட்டுவதுதான் கேட்டது. பிந்து ஓர் அடி முன்னால் வைத்தது.

பாறைக்கு அடியிலிருந்து, தொண்டை கட்டிய ஒரு சின்னக் குரல் வந்தது.

"ப்பா, அந்த நாயப் புட்ச்சிக்கோ. கடிச்சிடும். புட்ச்சிக்கினியா? அப்பதான் வருவேன்."

வெள்ளையன் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். வாயைப் பொத்திக்கொண்டு அழுதார், பதில் சொல்ல அவரால் ஆகவில்லை. நான் பிந்துவின் கழுத்தை இரண்டு கையாலும் சுற்றி வளைத்துக் கட்டிக்கொண்டு, போலீஸ் உடுப்பில் இருப்பதெல்லாம் மறந்து, எங்கள் ஊர்ப் பேச்சில் தொண்டை கிழியக் கத்தினேன்.

"புட்ச்சிக்கினேன் கண்ணு, கெட்டியா புட்ச்சிக்கினேன். நீ வா!"